நூறு சென்ட்டைக் காட்டத் தெரியாத மீட்டர்

1979-இல் அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் நின்றிருந்த பம்புகள் பெரும்பாலும் பல்சக்கரத்தில் ஓடியவை. ஒரு கேலனின் விலையைக் காட்ட அவற்றில் சென்ட்டுக்கு இரண்டு இலக்கம், சென்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு ஓர் இலக்கம், அவ்வளவுதான் இடம். 99.9 சென்ட் வரை காட்டும். அதற்கு மேல் காட்டத் தெரியாது. செய்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1973 வரை ஒரு கேலன், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 3.8 லிட்டர், 40 சென்ட்டுக்குக் கீழேதான் விற்றது. அது ஒரு டாலரைத் தாண்டும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தாண்டியது. புதுப் பம்பு வாங்கவோ உள்ளிருக்கும் சக்கரத்தை மாற்றவோ பணமும் இல்லை, உதிரிபாகமும் உடனே கிடைக்கவில்லை. எனவே பங்க் உரிமையாளர்கள் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். பம்பில் அரை கேலனின் விலையை வைப்பது. போட்டு முடித்ததும் மீட்டர் காட்டும் தொகையை இரண்டால் பெருக்கி வாங்கிக்கொள்வது. எடை அளவு அதிகாரிகளும் வேறு வழியின்றி இதற்குத் தற்காலிக அனுமதி தந்தார்கள். பம்பின் மேல் ஓர் அட்டை தொங்கியது: காட்டும் தொகை பாதிதான். மீட்டர் ஆறு டாலர் என்கிறது, பையன் பன்னிரண்டு கேட்கிறான். கணக்கு சரிதான். ஆனாலும் பன்னிரண்டு டாலரை எண்ணிக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தவருக்கு ஏமாந்த உணர்வு போயிருக்காது.

எழுபதுகளின் கடைசி ஆண்டுகளைப் பற்றி இன்று அமெரிக்காவில் இரண்டு விதமான பேச்சு உண்டு. பழைய விலைப்பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் ஒரு சாரார்: சினிமா டிக்கெட் இரண்டரை டாலர், தபால்தலை 15 சென்ட், என்ன காலம் அது! அது இருண்ட காலம், பணவீக்கம் நாட்டையே தின்றது என்பவர்கள் இன்னொரு சாரார். இருவருமே விலையின் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். அன்று வாழ்ந்தவர்களை வாட்டியது உயரம் அல்ல. எண் எதுவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை என்பதே.

ஒரு சின்னக் கணக்கு. 1979-இல் மத்திய அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.90 டாலர். அந்த ஆண்டுச் சராசரியில் பெட்ரோல் கேலன் 86 சென்ட். ஒரு மணி நேர உழைப்புக்கு மூன்று கேலனுக்கு மேல் வந்தது. இன்றைய மத்திய குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், 2009-க்குப் பிறகு அது நகரவில்லை. பல மாநிலங்கள் அதைவிடக் கூடுதலாகத் தருகின்றன என்றாலும், இந்தக் கூலியை மட்டும் வாங்குபவருக்கு, கேலன் 3 டாலர் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டரை கேலன்கூட வராது. ஆக, பெருமூச்சு விடுபவர்கள் பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 86 சென்ட் ஓர் ஆண்டின் சராசரி. ஜனவரியில் ஒரு விலை, ஜூனில் ஒரு விலை, டிசம்பரில் வேறொரு விலை. 1979 டிசம்பரில் நுகர்வோர் விலைவாசி முந்தைய டிசம்பரைவிட 13 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. சம்பளம் அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எட்டிப் பிடிக்கவில்லை.

முதல் அடி காப்பிக் கோப்பையில் விழுந்தது. 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கடும் உறைபனி காப்பித் தோட்டங்களைக் கருக்கியது. செடி புதிதாக வளர்ந்து காய்க்க ஆண்டுகள் ஆகும். 1977-இல் அமெரிக்கக் கடைகளில் ஒரு பவுண்டு காப்பித்தூள் 4 டாலரைத் தாண்டியது. நியூயார்க் நகரின் நுகர்வோர் விவகார ஆணையர் எலினார் குகன்ஹைமரே காப்பியைப் புறக்கணியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதே 1977-இல் சிகாகோ வட்டாரத்தின் ஜுவல் கடைகள் பெயரில்லாப் பொருள்களை அடுக்கின. விளம்பரம் இல்லை, வண்ணப்படம் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை. டப்பாவில் உள்ளே இருப்பதன் பெயர் மட்டும். மற்றக் கடைகளும் பின்தொடர்ந்தன. கொஞ்ச நாளில் வெள்ளைத் தகரத்தில் கறுப்பு எழுத்தில் வெறுமனே 'பீர்' என்று எழுதிய பீர்கூட வந்துவிட்டது. விளம்பரத்தில் பிறந்து விளம்பரத்தில் வளர்ந்த ஒரு நாடு, காசு மிச்சம் என்பதற்காகப் பெயரையே விட்டுக்கொடுத்தது சாதாரண மாற்றமல்ல.

தபால்துறை இன்னும் ஒரு படி போனது. கட்டணம் ஏறப்போகிறது என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. முடிவு வந்த பிறகு கோடிக்கணக்கில் அச்சிட நேரம் இருக்காது. ஆகவே, விலையே போடாமல் ஒரு கழுகுப் படமும் 'ஏ' என்ற எழுத்தும் மட்டும் போட்டு முன்கூட்டியே தலைகளை அச்சிட்டு வைத்தார்கள். 1978 மே மாதம் கட்டணம் 13 சென்ட்டிலிருந்து 15 ஆனபோது அந்த 'ஏ' தலை வெளியே வந்தது. அரசாங்கமே விலை எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு அச்சிட்டது என்றால், மளிகைக் கடைக்காரர் பழைய விலைச்சீட்டின் மேல் புதுச் சீட்டை ஒட்டியதில் என்ன தப்பு?

சொற்களும் எண்களைப் போலவே வழுக்கின. பணவீக்கத்தை அடக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் நியமித்த பொருளாதார நிபுணர் ஆல்ஃபிரட் கான், நிலைமை முற்றினால் பெருமந்தம் வரலாம் என்று 1978-இல் வாய்விட்டுச் சொன்னார். அந்தச் சொல்லைப் பேசாதீர்கள் என்று வெள்ளை மாளிகை கடிந்துகொண்டது. அதிலிருந்து அவர் மந்தம் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'வாழைப்பழம்' என்றார். வாழைப்பழக் கம்பெனி ஒன்று ஆட்சேபித்ததும் 'கும்குவாட்' என்ற குட்டி ஆரஞ்சுக்கு மாறினார். பொருளாதார அறிக்கைகளில் இவ்வளவு பழம் வேறெந்தக் காலத்திலும் புழங்கியதில்லை.

பெட்ரோல் பங்குகளின் முன் நீண்ட வரிசைகள் 1979 கோடையின் அடையாளமாகிவிட்டன. ஈரான் புரட்சியால் எண்ணெய் வரத்து குறைந்தது உண்மை. ஆனால் மைல் கணக்கில் கார்கள் நிற்கும் அளவுக்கு அது குறையவில்லை. மத்திய அரசின் விலைக் கட்டுப்பாடும் பங்கீட்டு விதிகளும் முந்தைய பயன்பாட்டை வைத்து எண்ணெயைப் பிரித்தன. விடுமுறைக்கு ஊர்சுற்றக் கிளம்பாமல் மக்கள் வீட்டோடு இருந்தார்கள். பெட்ரோலோ சுற்றுலா ஊர்களுக்கும் கிராமங்களுக்கும் போய்க் கிடந்தது, நகரம் வறண்டது. அதோடு பயம். கால் டேங்க் வரும்வரை காத்திருந்தவர்கள் முக்கால் டேங்க்கிலேயே நிரப்ப ஓடினார்கள். நாட்டின் கோடிக்கணக்கான கார் டேங்க்குகள் சின்னச் சின்னப் பதுக்கல் கிடங்குகளாயின. கலிபோர்னியா மே மாதத்தில் ஒற்றை இரட்டை முறையைக் கொண்டுவந்தது: வண்டி எண் ஒற்றைப்படையில் முடிந்தால் ஒற்றைப்படைத் தேதியில்தான் பெட்ரோல். நியூயார்க் முதலிய மாநிலங்கள் ஜூனில் பின்பற்றின. எஞ்சினை அணைக்காமல் நின்று, பெட்ரோலை எரித்துக்கொண்டே பெட்ரோலுக்குக் காத்திருந்தவர்களும் உண்டு.

ஜூன் 23, 24 தேதிகளில் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் அது கலவரமானது. டீசல் விலையை எதிர்த்து லாரிக்காரர்கள் மறியலில் இறங்க, கூட்டம் சேர்ந்து கார்களும் டயர்களும் எரிந்தன. லெவிட்டவுன் சேரி அல்ல. ஐம்பதுகளில் ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான வீடுகளோடு எழுந்த புறநகர். வீடும் புல்தரையும் காரும் என்ற நடுத்தரக் கனவின் மாதிரி ஊர். கார் ஓடினால்தான் அந்தக் கனவும் ஓடும். அது முதலில் அங்கே கொதித்ததில் வியப்பில்லை.

இந்தப் பின்னணியில் அன்றைய வெகுஜனக் கலையைப் பார்த்தால், அது பணத்தைப் பற்றியே ஓயாமல் பேசியிருப்பது தெரியும். 1977 டிசம்பரில் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படம் வெள்ளைக் கோட்டுக்காகவும் பீ ஜீஸ் பாட்டுக்காகவும் நினைக்கப்படுகிறது. ஆனால் ஜான் டிரவோல்டா நடித்த டோனி, புரூக்ளினில் பெயிண்ட் கடைப் பையன். படம் தொடங்கியதுமே, பிடித்த சட்டையை முழு விலை கொடுத்து வாங்க முடியாமல் முன்பணம் கட்டிக் கடையிலேயே எடுத்து வைக்கச் சொல்கிறான். சம்பளம் நாலு டாலர் ஏறியிருக்கிறது என்று வீட்டில் பெருமையாகச் சொன்னால், இந்தக் காலத்தில் நாலு டாலருக்கு மூன்று டாலர்கூட வாங்க முடியாது என்று வேலையில்லாத அப்பா கிண்டலடிக்கிறார். பணவீக்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் தந்ததில்லை. (இந்தப் படத்துக்கு மூலமான, நிக் கோன் எழுதிய பத்திரிகைக் கட்டுரையே பெரிதும் கற்பனை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அப்பாவின் கிண்டல் மட்டும் கற்பனையாகத் தெரியவில்லை.)

அடுத்த ஆண்டு டிரவோல்டா நடித்த 'கிரீஸ்' ஐம்பதுகளுக்குப் போனது. தொலைக்காட்சியில் 'ஹேப்பி டேஸ்' ஏற்கெனவே அங்கேதான் குடியிருந்தது. பெட்ரோல் மலிவாகவும் அப்பா ஒருவரின் சம்பளத்தில் குடும்பம் நடப்பதாகவும் இருந்த காலம். எழுபதுகளில் நடுத்தர வீடுகளில் மனைவியும் வேலைக்குப் போவது வழக்கமாகிக்கொண்டிருந்தது. இன்று எழுபதுகளின் விலைப்பட்டியலைப் பார்த்து ஏங்குபவர்கள், அந்த எழுபதுகளே ஐம்பதுகளைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில், ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்தால் பேஸ்பால் ஆட்டத்துக்கு 98 சென்ட்தான் டிக்கெட். நடத்திய வானொலி நிலையத்தின் அலைவரிசை 97.9, அதனால் அந்த விலை. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மைதானத்துக்குள் பாய, இரண்டாம் ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோ கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கர்களும் ஒருபாலின ஈர்ப்பாளர்களும் வளர்த்த இசை என்பதால் அந்த வெறுப்பில் வேறு நஞ்சும் கலந்திருந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதை மறுப்பது கடினம். ஆனால் ஒரு டாலருக்குள் ஒரு மாலைப் பொழுது என்பதும் அந்தக் கோடையில் சின்ன விஷயமில்லை.

மூன்று நாள் கழித்து, ஜூலை 15 இரவு, கார்ட்டர் தொலைக்காட்சியில் பேசினார். நாட்டின் நோய் எண்ணெய்ப் பற்றாக்குறை அல்ல, நம்பிக்கைக் குலைவு என்றார். பொருள் நுகர்வை வழிபடுவதாக மக்களையும் கடிந்துகொண்டார். பேச்சுக்கு முதலில் நல்ல வரவேற்பு. அவர் செல்வாக்கு ஏறவே செய்தது. சில நாளில் அமைச்சர்கள் பலரை ஒரே வீச்சில் விலக்கியதும் அத்தனையும் கரைந்தது. பாட்டி வைத்தியம்போல் சிக்கனத்தையே திரும்பத் திரும்பச் சொன்ன அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை: அன்று சிக்கனமாகச் சேமித்தவர்தான் தோற்றார். சேமிப்புக் கணக்குக்கு வங்கிகள் தரக்கூடிய வட்டிக்கு ஐந்து, ஐந்தரை சதவீதம் அளவில் சட்டமே உச்சவரம்பு வைத்திருந்தது. விலைவாசி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடியது.

கடன் வாங்கியவர்கள் ஜெயித்தார்கள். இதைத்தான் இருண்ட காலம் என்று பேசுபவர்கள் சொல்வதில்லை. புது வீட்டின் இடைநிலை விலை 1975-இல் ஏறக்குறைய 39,000 டாலர்; 1979-இல் 63,000. எழுபதுகளின் நடுவில் நிலையான வட்டிக்கு முப்பதாண்டுக் கடன் எடுத்தவரின் மாதத் தவணை அப்படியே நிற்க, வீடு விலை ஏறிக்கொண்டே போனது. வீட்டு வரி மட்டும் கூடவே ஏறியது. அந்தக் கோபத்தில்தான் கலிபோர்னியா 1978 ஜூனில் 'ப்ரோபோசிஷன் 13'-ஐ வாக்களித்து நிறைவேற்றி, சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. வீடு இல்லாதவர்கள் கையிலிருந்ததை விற்றார்கள். 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது, வெள்ளி 50 டாலர் வரை போனது. பாட்டி காலத்து வெள்ளித் தேநீர்க் கெண்டியும் கரண்டிகளும் உருக்கப் போயின.

1979 அக்டோபர் 6, ஒரு சனிக்கிழமை மாலை, மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் பண வரத்தை இறுக்கப்போவதாக அறிவித்தார். 1980 மார்ச்சில் கார்ட்டர் கடன் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, சிலர் கடன் அட்டையைக் கத்தரியால் வெட்டி வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கடன் வட்டி 1981-இல் 18 சதவீதத்தைத் தாண்டியது. வேலையின்றி நின்ற வீடு கட்டும் ஒப்பந்தக்காரர்கள், வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுதிய மரக்கட்டைகளை வோல்க்கருக்குத் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள்.

தபால்துறையோ அந்த ஒரே ஆண்டில் மார்ச்சில் 'பி' என்றும் அக்டோபரில் 'சி' என்றும் இரண்டு தலைகளை வெளியிட்டது. இரண்டிலும் விலை போடவில்லை.