மூன்று வயதுக்கு எதற்கு நாலு கோடு நோட்டு?

விஜயதசமி நெருங்கினால் போதும், திருவண்ணாமலையில் தேரடி வீதி தொடங்கி கிரிவலப் பாதை வரை மழலையர் பள்ளிகளின் ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். மூன்று வயதிலேயே பிள்ளையை எழுத வைக்கிறார்களாம். வருடக்கணக்காக இதைப் படித்துப் படித்து எனக்குக் கண் வலிக்கிறது.

கேட்டால் பாரம்பரியம் என்பார்கள். முன்னோரும் அந்த வயதில்தானே அரிசியில் எழுத வைத்தார்கள்? முன்னோரை இழுத்துவிட்டால் எதிர்ப்பேச்சு இருக்காது என்ற நினைப்பு.

முன்னோர் செய்தது என்ன? தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் உட்கார்த்தி, விரலைப் பிடித்து 'அ' போட்டார்கள். எழுதியது பெரியவர் கை. மறுநாள் வீட்டுப்பாடம் கிடையாது. திண்ணைப் பள்ளிக்குப் போன பிறகும் முதலில் மணல்தான். எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும்; தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவு, தீர்ந்தது. ஓலையும் எழுத்தாணியும் அப்புறம். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் இந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் நூலாகவும் போட்டார். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு சேர்ந்து, அது 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. அவர்கள் நம்மிடம் மணலைக் கற்றுக்கொண்டு போனார்கள். நாம் நாலு கோடு நோட்டை வாங்கி, பால் மணம் மாறாத கையில் திணித்து, அதற்கு முன்னோர் பெயரைச் சூட்டுகிறோம்.

சீக்கிரம் தொடங்கினால் கை பழகுமாம். மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள். பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு. மூன்று வயதில் பெரும்பாலும் அவற்றில் பாதிகூட இறுகத் தொடங்கியிருக்காது. அந்தக் கையைத்தான் பென்சிலோடு கட்டிப்போடுகிறார்கள்.

ஒன்றாம் வகுப்பில் பின்தங்கிவிடும் என்ற பயமுறுத்தலும் உண்டு. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள தமிழக அரசே 8 வயது வரை தவணை கொடுத்திருக்கிறது.

பெற்றோர் கேட்கிறார்கள் என்பது கடைசிச் சமாதானம். கேட்கத்தான் செய்வார்கள், சாலை நெடுக அதைத்தானே கட்டி வைத்திருக்கிறீர்கள்? பெற்றோர் கூட்டத்தில் நோட்டை விரித்துக் காட்டுவதும் நீங்கள்தான். மணலில் எழுதியதை அப்படிக் காட்ட முடியாது, அதற்கு ஃபீஸ் வாங்குவதும் சிரமம்.