டிக்கெட் மூடப்பட்டது

“எங்கள் கணினிச் சேவை இனி உலகத் தரத்தில்” என்று இன்னொரு பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டது. மேடை, பதாகை, சான்றிதழைப் பிடித்தபடி வரிசையாக அதிகாரிகள், ஒரு குறையுமில்லை. பாடப்பதிவு நாளன்று இணையத்தளம் திறக்குமா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. இவர்களின் வேதம் ஐடிஐஎல். 1980களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசு தன் அலுவலகக் கணினிகளை ஒழுங்குபடுத்த எழுதத் தொடங்கிய கையேடுகள் அவை. 2021 முதல் பீப்பிள்செர்ட் என்னும் தேர்வு நிறுவனத்தின் சொத்து. தேர்வு நடத்துகிறவரே வேதத்துக்கும் சொந்தக்காரர் என்றால் சான்றிதழுக்கா பஞ்சம்?

மலேசியாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டைவிட ஒழுங்கான ஏடு எங்கே இருந்தது? விடியற்காலைப் பெரட்டுக்கு யார் வந்தார், யார் எத்தனை ராத்தல் பால் நிறுத்தார் என்று கிராணி பிசகாமல் எழுதினார். லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒழுகலுக்குச் செக்ரோலில் பத்தி கிடையாது. இன்றைய உதவி மையமும் அதே கதைதான். பதிவு செய்ய முடியவில்லை என்று மாணவி எழுதினால் உடனே புகார் எண் வருகிறது. ‘சிறிது நேரம் கழித்து முயலுங்கள்’ என்று பதில். டிக்கெட் மூடப்பட்டது. மாத அறிக்கையில் பச்சை நிறம். அதற்குள் அவள் கேட்ட பாடத்தில் இடம் நிரம்பிவிட்டது. தடங்கலைச் சரிசெய்வது வேறு, அதன் மூலக்காரணத்தைக் களைவது வேறு என்று ஐடிஐஎல்லே பிரித்து வைத்திருக்கிறது. நம்மவர்கள் முதல் பாதியைச் செக்ரோலாக்கிக்கொண்டு மறுபாதியை அலமாரியில் பூட்டிவிட்டார்கள். இருக்கும் இடத்திலிருந்து தொடங்கு, எளிமையாக வை என்று 2019இல் வந்த நான்காம் பதிப்பு சொல்கிறது. அதைப் பதாகையில் போட யாருக்கு மனம் வரும்?

வங்கிக்குப் பொருந்துவது பல்கலைக்கழகத்துக்கு ஆகாதா என்பார்கள். வங்கியில் அன்றாடம் கூட்டம். பல்கலைக்கழகத்தில் நெரிசல் ஆண்டில் சில நாள்தான், அந்தத் தேதிகளையும் அதுவே முன்கூட்டி நாட்காட்டியில் அச்சடிக்கிறது. தானே தேதி குறித்த நெரிசலுக்குப் புகார் எண் கொடுப்பது என்ன நிர்வாகம்? மாணவர்களை ஆண்டு வாரியாகப் பிரித்து வெவ்வேறு நாளில் பதியவிடப் பதிவதிகாரியின் ஒரு கையெழுத்து போதும். பதிவே இல்லையென்றால் பழையபடி ஆள் தெரிந்தவனுக்குத்தான் காரியம் நடக்கும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. செக்ரோலை எரிக்கச் சொல்லவில்லை. எழுதியதை வைத்துக் கூரையை மாற்றினீர்களா என்றுதான் கேட்கிறோம். நிர்வாகக் கல்விக்கென்றே 1984இல் உருவான உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம் இதே கெடாவின் சிந்தோக்கில் இருக்க, நிர்வாகப் புத்திக்கு லண்டன் கையேடு! 1996இல் அரசாங்கச் சேவைக்கு ஐஎஸ்ஓ 9000 வந்தபோதும் முகப்பிடங்களில் முதலில் முளைத்தது வாசகப் பலகைதான். பல்கலைக்கழக நுழைவிலும் இதே கதைதான்: எஸ்டிபிஎம் தேர்வில் நல்ல புள்ளி வாங்கியும் கேட்ட துறை கிடைக்காத பிள்ளைகளின் மேல்முறையீட்டுக்கும் முடிவு வருகிறது, காரணம் வருவதில்லை. அடுத்த மாத அறிக்கையில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேருங்கள்: டிக்கெட் மூடப்பட்ட பிறகும் பாடம் கிடைக்காதவர் எத்தனை பேர்?