எதிர்காற்றும் திண்ணை உபதேசமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று முதலில் சொன்னவர் சைக்கிளில் போனவராக இருக்க முடியாது. போயிருந்தால், அம்மி பறக்கிறதோ இல்லையோ, சைக்கிள் நகர மறுக்கிறதே என்றுதான் பழமொழி பிறந்திருக்கும்.

சென்ற ஆடி மாதம் வலையபட்டியில் ஓர் உறவினர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அகலமான திண்ணை; சாய்ந்துகொள்ள வழவழப்பான தூண். மாலையில் அங்கே நானும், உறவினரும், அவருடைய நண்பரான ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் உட்கார்ந்து காப்பி குடிப்பது வழக்கம். அந்த நேரத்தில்தான் கட்டட வேலைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள். ஹாண்டில்பாரில் தூக்குச் சட்டி தொங்கும். தலையைக் குனிந்து, தோளைக் குறுக்கிக்கொண்டு, எழுந்து நின்று பெடலை மிதிப்பார்கள். அப்படியும் பக்கத்தில் நடந்து போகிற கிழவி அவர்களைத் தாண்டிப் போய்விடுவாள் போலிருக்கும்.

"பார்த்தீரா? இதுதான் உடம்பு! பட்டணத்தில் பணம் கட்டி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள். இவனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது" என்றார் அதிகாரி.

அந்த இலவசத்தை வாங்கிக்கொண்டு வந்தவர் எங்கள் வாசலில் இறங்கித் தண்ணீர் கேட்டார். முப்பது வயதிருக்கும்.

"ரொம்ப தூரமா தம்பி?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு வேலை பதினஞ்சு கிலோமீட்டருங்கய்யா. காலையில காத்தே தள்ளி விட்டுரும். திரும்புறப்பத்தான் உசுரு போகுது."

"திண்ணையில் கொஞ்சம் உட்காருங்களேன்."

அவர் சிரித்தார். "உக்கார முடிஞ்சா சீட்டுலயே உக்காந்து வந்திருப்பேனே! தோலு உரிஞ்சு போச்சு. தொடை வேற நேத்துலேருந்து கல்லாக் கெடக்கு."

"இரண்டு நாள் ஓய்வு எடுத்தால் என்ன?"

"எடுக்கலாம். சம்பளமும் சேந்து ஓய்வு எடுத்துக்குமேய்யா!"

அவர் போன பிறகு அதிகாரி மூன்று நியாயங்கள் சொன்னார். நம்மில் பலரும் சொல்கிற நியாயங்களே அவை. ஆகவேதான் அவற்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நியாயம்: போகும்போது எதிர்காற்றென்றால் வரும்போது பின்காற்று; கூட்டிக் கழித்தால் கணக்குச் சரியாகிவிடும்.

சரியாகாது. இது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். காற்றின் தடை, காற்று நம்மேல் மோதும் வேகத்தைப் போல அல்ல, அந்த வேகத்தின் வர்க்கத்தைப் போலப் பெருகும். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு ஒரு பங்கு தடை என்று வைத்துக்கொள்வோம். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், முகத்தில் மோதுவது 30 கிலோமீட்டர் காற்று. தடை இரண்டு பங்கல்ல, நான்கு பங்கு. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் தடை பூஜ்யம். காற்றில்லாத நாளில் போக ஒன்று, வர ஒன்று, ஆக இரண்டு பங்கு. காற்றடிக்கும் நாளில் பூஜ்யமும் நான்கும், ஆக நான்கு பங்கு. காற்றினிடம் செய்கிற வியாபாரம் எப்போதும் நஷ்டம்தான். நிமிர்ந்து உட்காரும்படி செய்யப்பட்ட நம் ஊர்ச் சைக்கிளில் மார்பே பாய்மரமாகிவிடுகிறது. அதற்கும் மேல், தென்மேற்குப் பருவக்காற்று பிற்பகலில்தான் உரமாக வீசும். மேற்கிலிருந்து கிழக்கே வேலைக்குப் போகிறவன், காலையில் புது ரத்தத்தோடு பின்காற்றில் போய், எட்டு மணி நேரம் செங்கல் சுமந்த பிறகு எதிர்காற்றில் திரும்புகிறான். கூலி முடிந்த பிறகுதான் அவனுக்குப் பெரிய வேலை ஆரம்பமாகிறது.

இரண்டாவது நியாயம்: உடம்பு பழகிவிடும், வலியோடு மிதித்தால் வலி போய்விடும்.

இதில் பாதி உண்மை இருப்பதனால்தான் இது அபாயமான வாதம். பழக்கமில்லாத உழைப்புக்குப் பிறகு வருகிற தசைவலி ஒரு நாள் முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே தணியும். இலேசாக அசைந்து கொடுத்தால் தசை தளரவும் செய்யும். ஆனால் இலேசான அசைவென்பது வேறு. நான்கு பங்கு தடையை எதிர்த்து ஒன்றரை மணி நேரம் மிதிப்பது வேறு. சீட்டில் உராய்ந்து புண்ணான தோலுக்கோ மிதிப்பது மருந்தே அல்ல. வியர்வையும் சூடும் அழுத்தமும் சேர்ந்து அதைக் கட்டியாக்கிவிடும். அதற்கு மருந்து ஓய்வு. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன் வலித்தால் மறுநாள் படுத்துக்கொள்கிறான். அந்த ஒரு சுதந்திரம் இருப்பதனால்தான் அது பயிற்சி. அந்தச் சுதந்திரம் இல்லாத இடத்தில் அதற்குப் பெயர் உழைப்பு. அதுவும் கூலியில்லாத உழைப்பு.

மூன்றாவது நியாயம்தான் எனக்கு மிகவும் கசந்தது: அந்தக் காலத்தில் நாங்கள் மிதிக்கவில்லையா?

மிதித்தீர்கள், ஐயா. மிதித்ததனால் ஓர் உத்தியோகம் கிடைத்தது. உத்தியோகம் கிடைத்ததும் முதல் காரியமாகச் சைக்கிளை விட்டு இறங்கினீர்கள். அது அவ்வளவு ஆனந்தமாக இருந்திருந்தால் ஏன் இறங்கினீர்கள்? நாம் பட்ட கஷ்டம் நமக்குப் பெருமையாக இருக்கலாம். அதை அடுத்தவனுக்குச் சிபாரிசு செய்வதற்கு அது ஒரு தகுதியாகாது.

நான் சைக்கிளுக்கு விரோதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சைக்கிள் இந்த மண்ணுக்கு நெருங்கிய சொந்தம். காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூரிலிருந்து புறப்பட்ட முருகப்பா குடும்பத்தார்தாம் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நாட்களில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப்பற்றி எழுதி உலகுக்குச் சொன்னார். ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கிய பெண்களும் அவர்களில் உண்டு. குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்பது அவர்கள் கணக்கு. அண்ணனையோ கணவனையோ எதிர்பார்க்காமல் சந்தைக்கும் வேலைக்கும் போய்வந்த அந்தப் பெண்களுக்குச் சைக்கிள் ஒரு விடுதலை. பிற்பாடு 2001-இல் தொடங்கி, பிளஸ் ஒன் படிக்கிறவர்களுக்கு அரசாங்கம் இலவசச் சைக்கிள் கொடுத்ததும் நல்ல காரியமே.

ஆனால் விடுதலை என்றால் போக முடிவது மட்டுமல்ல. போகாமல் இருக்கவும் முடிய வேண்டும். காற்று சுழன்றடிக்கும் நாளில், தொடை கல்லாய்க் கிடக்கும் நாளில், சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வேறு வழியில் போக முடிந்தால்தான் அது வாகனம். முடியாவிட்டால் அதுவும் ஒரு விலங்கு. சக்கரம் வைத்த விலங்கு.

சைக்கிளைக் கையில் கொடுத்ததோடு கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறோமே, அதுதான் என் சண்டை. பாதையை யார் கொடுப்பது? சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஊருக்கு ஊர் புளிய மரங்களை வெட்டுகிறோம். நிழல் போயிற்று என்று இரண்டொருவர் வருந்துவதோடு சரி. காற்றுத் தடுப்பு போயிற்று என்று யாரும் சொல்வதில்லை. வரிசையாக நிற்கும் மரங்கள் தங்கள் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்கும் அதிகமாகக் காற்றைத் தணித்துக் கொடுக்கும். காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அது தெரியாது. சைக்கிளில் போகிறவருடைய நெஞ்சுக்குத் தெரியும்.

பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-இல் டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாக்கினார்கள். எத்தனையோ கால்களுக்கு அது ஓய்வு கொடுத்தது. ஆனால் வேலை விடுகிற நேரத்துக்கு, வேலை முடிந்த இடத்துக்கு வராத பஸ் இலவசமாயிருந்தால் என்ன, காசுக்காயிருந்தால் என்ன? ஆடியில் இரண்டு மாலை பஸ்கள் கூடுதலாக விடக் கேட்பது அதிகப்படியான ஆசையா? காற்று நாட்களில் கால்மணி முன்னதாக வேலையை விடச் சொல்வது மேஸ்திரிகளுக்கு அவ்வளவு பெரிய நஷ்டமா?

இவையெல்லாம் பெரியவர்கள் கையிலிருக்கும் காரியங்கள் என்றால், சிறிய காரியம் ஒன்றும் உண்டு. அந்தத் தம்பியின் சீட் மிகவும் தாழ்ந்திருந்தது. முழங்கால் மடிந்தே கிடந்தது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிஷமும் போதும். திண்ணையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். உபதேசம் எல்லோரிடமும் இருந்தது; ஸ்பானர் ஒருவரிடமும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுநாள் மாலை உறவினரின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு நானும் காற்றுக்கு எதிரே கிளம்பினேன். மூன்று கிலோமீட்டர் போனேன். திரும்பும்போது காற்றுதான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது. அடுத்த இரண்டு நாட்கள் திண்ணையில் தலையணை போட்டுத்தான் உட்கார முடிந்தது. அதிகாரிக்கும் அதே சைக்கிளைக் கொடுப்பதாகச் சொன்னேன். முழங்கால் வலி என்றார்.

வலி என்ற சொல்லின் பொருள் அவருக்கும் தெரிந்தே இருக்கிறது.