காதறுத்த போட்டியும் காதில் பூச்சுற்றும் போட்டியும்

திருவண்ணாமலையிலே முன்னாளில் புலவர் போட்டியொன்று நடைபெற்றதாகக் கதை உண்டு. பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் ஊர் ஊராகச் சென்று புலவர்களை வாதுக்கு அழைப்பாராம். தோற்றவர் காதை அறுத்துவிடுவாராம். அவர் அண்ணாமலைக்கும் வந்தார், அருணகிரியாரை அழைத்தார். அருணகிரியார் அந்தாதி பாடப் பாட, வில்லியார் சளைக்காமல் உரை சொல்லிக்கொண்டே வந்தார். தகர வரிசை எழுத்துகளை மட்டுமே கொண்டு கோத்த பாட்டு ஒன்று வந்தது. வில்லியார் விழித்தார், வியர்த்தார், தோற்றார். இப்போது காதறுக்கும் உரிமை அருணகிரியாருடையது. அவரோ அறுக்கவில்லை, இக்கொடுமை இன்றோடு ஒழியட்டும் என்று கூறி விட்டுவிட்டாராம்.

நடந்ததா, புனைந்ததா என்ற ஆராய்ச்சியை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். முருகன் துணை நின்றான் என்ற பகுதியை நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும். நாம் அக்கதையிலே காண்பது வேறு. காதறுப்பது காட்டுமிராண்டித்தனம், ஐயமில்லை. ஆனால் அந்தக் களத்திலே ஒருவர் பாடினார், மற்றவர் கேட்டார். சொல்லுக்குச் சொல் பொருள் தேடினார். வெற்றி என்று ஒன்று இருந்தது. தோல்வி என்றும் ஒன்று இருந்தது.

அதே ஊரிலே அண்மையில் ஒரு கவிதைப் போட்டியின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றிருந்தோம். அங்கே எவர் காதும் அறுபடவில்லை. எல்லார் காதிலும் பூச்சுற்றப்பட்டது.

விழா நடந்தது ஒரு திருமண மண்டபத்தில். வாயிலில் மேசை, மேசைமேல் பணப்பெட்டி. உள்ளே மேடை; மேடைமேல் பொன்னாடைக் குவியல், கேடயக் குவியல், சான்றிதழ்க் குவியல். செங்கம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவர் நம்மருகே அமர்ந்திருந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "முதற்பரிசு எனக்குத்தான் தோழர், கைப்பேசியில் செய்தி வந்தது" என்றார். விழா தொடங்கிற்று. முதற்பரிசு பெறுவோர் பெயர் படிக்கப்பட்டது. ஒருவர், இருவர், பதின்மர், இருபதின்மர்... நாற்பது வரை எண்ணினோம். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். அத்தனை பேருக்கும் முதற்பரிசு! அத்தனை பேருக்கும் 'கவி' என்று தொடங்கும் ஒரு பட்டம்! மாணவரின் முகத்திலிருந்த மலர்ச்சி வாடியதை விரித்தெழுத நமக்கு மனமில்லை.

அவர் சொன்ன கணக்கைக் கேட்டோம். போட்டிக்கு நுழைவுக் கட்டணம். கவிதை 'தேர்வு' பெற்றதும் தொகுப்பு நூலுக்கென்று பங்குத் தொகை. தொகுப்பில் இடம்பெற்றவர் பத்துப் பிரதிகளைக் கட்டாயம் வாங்கவேண்டுமாம், அதற்கொரு தொகை. கேடயத்துக்குத் தனி, நிழற்படத்துக்குத் தனி. அத்தனையும் அவருடைய தாய் களையெடுத்துச் சேர்த்த கூலி. நூலைப் பிரித்தார். அவருடைய பாட்டின் இறுதிப் பகுதியைக் காணோம்! இருவருமாகத் தேடினோம். அடுத்த பக்கத்திலே, வேறொருவர் பெயரின்கீழ், அவருடைய பாட்டுக்குத் தலையாக அது அச்சாகியிருந்தது. தொகுத்தவர் படிக்கவில்லை. நடுவராக இருந்தவர் படிக்கவில்லை. மேடையிலே நின்று, தமிழ் தழைக்கிறது என்று முழங்கினாரே தலைவர், அவரும் படிக்கவில்லை!

அண்ணாமலையார் கோயிலின் கிழக்குக் கோபுரம் 217 அடி உயரம். அதன் வழியே உள்ளே செல்கிறவர் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறார், பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்கிறார், அவர் இன்னார் என்று அறியாத அர்ச்சகர் அந்தப் பெயரை ஒருமுறை உச்சரிக்கிறார், திருநீறு கிடைக்கிறது. மண்டபத்தில் நடந்தது இதுவன்றி வேறென்ன? பணம் கட்டினார்கள், பெயர் உச்சரிக்கப்பட்டது, சான்றிதழ் என்னும் திருநீறு கிடைத்தது. கோயிலிலாவது அர்ச்சனைச் சீட்டு என்று அச்சிட்டே கொடுக்கிறார்கள். மண்டபத்திலே அதற்குப் போட்டி என்று பெயர்! ராகுகாலம் பாராத நம் இளைஞர், நட்சத்திரத்தை நம்பாத நம் இளைஞர், பட்டத்தை மட்டும் நம்புவது ஏன் என்று கேட்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த நோயன்று இது. அமெரிக்காவிலே, மேரிலாந்து மாநிலத்தில், பன்னாட்டுக் கவிதை நூலகம் என்று பொருள்படும் பெயரோடு ஒரு நிறுவனம் பல ஆண்டுகள் போட்டி நடத்திற்று. அனுப்பியவர்க்கெல்லாம் அரையிறுதிக்குத் தேர்வானீர் என்று மடல் போகும். பின்னாலேயே, உம் பாட்டு இடம்பெறும் நூலை விலைகொடுத்து வாங்குவீர் என்ற அழைப்பும் போகும். ஐயம் கொண்ட சிலர், வேண்டுமென்றே பிதற்றலாக எழுதி அனுப்பிப் பார்த்தனர். பிதற்றலும் தேர்வாயிற்று! இந்த வணிகத்தை எள்ளி நகையாடவே, கட்டணமில்லாத கேலிக்கவிதைப் போட்டியொன்றை வேறொரு குழுவினர் 2001 இல் தொடங்கினர். நம் நாட்டிலும் எவரேனும் அதைச் செய்யலாகாதா?

"பணம் கொடுக்காமல் எங்களை எவர் அச்சிடுவார்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடைக்கு அச்சேறியவர்களின் கதையைப் பார்க்கலாம்.

1941 இல் திருவாரூரிலே பள்ளி மாணவன் ஒருவன் 'மாணவ நேசன்' என்று கையெழுத்து ஏடு நடத்தினான். அச்சுக்கூடம் இல்லை, கட்டணம் இல்லை, கேடயம் இல்லை. பேனாவும் தாளும் இருந்தன. அடுத்த ஆண்டு, 1942 இல், அறிஞர் அண்ணா 'திராவிட நாடு' ஏட்டைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அந்த மாணவனின் 'இளமைப் பலி' என்னும் கட்டுரை அதில் வெளிவந்தது. பின்னர்த் திருவாரூருக்கு வந்த அண்ணா, எழுதியவர் எவர் என்று கேட்டு அழைத்துவரச் சொன்னார். வந்து நின்றவன் சிறுவன்! பட்டம் கொடுத்தாரா? பொன்னாடை போர்த்தினாரா? முதலில் படிப்பைக் கவனி என்று சொல்லி அனுப்பினார். அந்தச் சிறுவன் அதே ஆண்டு ஆகஸ்டில் 'முரசொலி'யைத் துண்டறிக்கையாகத் தொடங்கினான் என்பதையும், அவன்தான் கலைஞர் கருணாநிதி என்பதையும் நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. சொல்லவேண்டியது ஒன்றே: ஓர் ஆசிரியர் ஓர் இளைஞனின் எழுத்தைப் படித்தார். படித்ததனால் அச்சிட்டார்.

1947 இல் தொடங்கிய 'பொன்னி' இதழ், 'பாரதிதாசன் பரம்பரை' என்ற தலைப்பிட்டு இளங்கவிஞர்களை ஒருவர்பின் ஒருவராக அறிமுகம் செய்தது. முடியரசன் அவ்வழி வந்தவர். எவரிடமும் பங்குத்தொகை கேட்கவில்லை. சுரதா 1955 இல் 'காவியம்' என்று கவிதைக்கே ஒரு கிழமை ஏடு கண்டார். புரட்சிக்கவிஞருக்கே 'பாரதிதாசன் கவிதைகள்' முதல் தொகுதி வெளிவந்தது 1938 இல்தான். குத்தூசி குருசாமியும் குஞ்சிதம் அம்மையாரும் முன்னின்று வெளியிட்டனர். அப்போது கவிஞரின் வயது நாற்பத்தைந்தைக் கடந்திருந்தது. இருபது வயதிலே நூல் வரவில்லையே என்று ஏங்கிக் கடன் வாங்கும் தம்பிமார் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் முகாமுக்கு மாறுபட்டோர் நடத்திய ஏடுகளையும் இங்கே மறைக்கமாட்டோம். 'கலைமகள்' நடத்திய நாவல் போட்டியில் 1946 இல் அகிலனின் 'பெண்' பரிசு பெற்றது. 'கல்கி' வெள்ளிவிழாப் போட்டியில் 1966 இல் உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' முதற்பரிசு பெற்றது. அவ்வேடுகளின் கொள்கையோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. ஆயினும், பரிசுப் பணம் அவர்கள் பையிலிருந்து எழுத்தாளன் பைக்குச் சென்றது. எழுத்தாளன் பையிலிருந்து அவர்கள் பைக்குச் செல்லவில்லை. 1970 இல் எழுந்த 'இலக்கியச் சிந்தனை' அமைப்போ, விண்ணப்பமே கேட்காமல், இதழ்களில் வந்த கதைகளைத் தானே தேடிப் படித்துத் திங்களுக்கொன்றாகத் தேர்ந்தெடுத்தது. படிப்பது நடுவர் வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

சிலர் சீறுவார்கள்: "ஏழைக் கவிஞர்கள் கூடிச் செலவைப் பகிர்ந்துகொள்வதும் குற்றமா?" குற்றமன்று. கோவையிலே 1971 இல் 'வானம்பாடி' கவிஞர்கள் கைப்பொருள் திரட்டி ஏடு நடத்தினர். விலையில்லாக் கவிமடல் என்றே கொடுத்தனர். அவர்களுள் சிற்பியும் மேத்தாவும் புவியரசும் பின்னாளில் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றனர். அவர்கள் தம்முள் எவருக்கும் பட்டம் விற்கவில்லை. கூட்டுறவு என்றால் கூட்டுறவு என்று சொல்லுங்கள். வரவுசெலவைச் சுவரில் ஒட்டுங்கள். நாமும் ஒரு பங்கு தருகிறோம். பரிசு என்று சொல்லிப் பையில் கைவிடாதீர்கள்.

ஏமாற்றுவோர் பெரிதும் நம்பியிருப்பது இளைஞர்களின் அறியாமையை. பன்னாட்டு நூல் எண், அதாவது ஐ.எஸ்.பி.என்., வாங்கித் தருகிறோம் என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அந்த எண்ணை இந்தியாவிலே வழங்குவது நடுவண் அரசின் கல்வி அமைச்சகத்தின்கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, வழங்குவது இலவசமாக. எண் இருப்பதாலே நூல் சிறந்ததாகிவிடாது. ஊர்தியின் எண்பலகையைப் போன்றது அது. பதிப்புரிமை பெற்றுத் தருகிறோம் என்பார் சிலர். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதி முடித்த நொடியிலேயே உரிமை எழுதியவருடையது; பதிவு கட்டாயமில்லை; அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். எழுத்திலே கையொப்பமிட்டுக் கொடுத்தாலன்றி உரிமை கைமாறாது. காலவரையறை குறிக்காமல் கொடுத்திருந்தால், ஐந்தாண்டுக்கே கொடுத்ததாகச் சட்டம் கொள்ளும். ஆகவே போட்டிப் படிவத்தின் அடியிலே பொடியெழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். 1954 ஆம் ஆண்டுச் சட்டம், வெளியிடும் நூலின் பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா முதலிய பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்பவேண்டும் என்கிறது. "எங்கள் தொகுப்பு கன்னிமாராவுக்குப் போயிற்றா, ஐயா?" என்று தொகுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். மாணவர் கேட்டார். ஐயாவுக்கு அப்போது அவசரமாகப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கட்டணமில்லாத வாயில்கள் இல்லாமல் இல்லை. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி, கல்லூரி மாணவர்க்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. 10,000, 7,000, 5,000 ரூபாய் என்று பரிசும் தருகிறது. நம் மாணவருக்கு அது தெரியாது. கைப்பேசிக்குள் வந்து கதவைத் தட்டியவனை மட்டுமே தெரியும். சாகித்திய அகாதெமி 35 வயதுக்குட்பட்டோர்க்கு 2011 முதல் யுவ புரஸ்கார் வழங்கிவருகிறது. தொகை 50,000 ரூபாய். 2012 இல் தமிழுக்கு அதைப் பெற்றுத் தந்தது மலர்வதியின் 'தூப்புக்காரி'. துப்புரவுத் தொழிலாளியின் வாழ்வைச் சொன்ன நாவல் அது. மேடைப் பட்டக்காரர்கள் எவரும் அதைக் கண்டெடுக்கவில்லை.

அரசின் போட்டியிலும் ஒரு குறை சொல்வோம். நண்பர்களிடந்தானே குறை சொல்ல முடியும்? பரிசு கொடுத்து நிழற்படம் எடுப்பதோடு நின்றுவிடலாமா? வென்ற பாட்டை ஊரார் படிக்க வேண்டாமா? மாவட்டத்தில் வென்ற பாட்டுகளையெல்லாம் ஆண்டுக்கொரு சிறு நூலாக்கி, மாவட்ட மைய நூலகத்தில் தொடங்கி ஊர்ப்புற நூலகம் வரை வைக்கட்டும். கேடயச் செலவில் பாதி போதும்.

திருவண்ணாமலையில் இதற்கெல்லாம் ஆள் இல்லையா? முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தார் கலை இலக்கிய இரவு நடத்தி மக்களை விடிய விடிய உட்கார வைத்த ஊர் இது. வம்சி என்னும் பதிப்பகம் இயங்கும் ஊர் இது. தீபத்துக்கு வரும் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, இங்குள்ள நம் படிப்பகங்கள் ஒரு வேலை செய்யலாம். திங்களுக்கு ஒரு மாலை. பாட்டுடன் வருகிறவர் எவராயினும் வரட்டும். ஒருவர் படிக்க மற்றவர் கேட்கட்டும். நன்றென்றால் நன்று, தேறாது என்றால் தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லட்டும். தேறியதைக் கையெழுத்து ஏடாகவேனும் எழுதி மேசைமேல் வைக்கட்டும். வில்லியார் செய்ததில் பாதி வேலைதான் அது. காதறுக்கும் பாதியை விட்டுவிட்டோம்.

அந்தச் செங்கம் மாணவரைச் சென்ற கிழமை மறுபடியும் கண்டோம். பத்துப் பிரதிகள் அவர் வீட்டிலேயே இருக்கின்றன. விடுபட்ட இறுதிப் பகுதியைத் தம் கையாலேயே துண்டுத்தாளில் எழுதி, ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறாராம். ஏழு முடிந்துவிட்டன, மூன்று மீதமிருக்கின்றன என்றார்.