செருப்புக்காகக் காலை வெட்டுபவர்கள்

எதையெடுத்தாலும் "இதில் எந்த டிசைன் பேட்டர்ன்?" என்று கேட்கும் கூட்டம் கல்லூரிகளில் பெருகிவிட்டது. இருநூறு வரியில் முடிகிற மெஸ் கணக்கு புரோகிராமுக்குக் கூட ஒரு ஃபேக்டரி, ஒரு அப்சர்வர், இரண்டு சிங்கிள்டன்! ஏன் என்று கேட்டால், "புத்தகத்தில் இருக்கிறதே" என்று பதில் வருகிறது. எளிமையாக எழுதிய மாணவனுக்கு வைவாவில் மார்க் போய்விடுகிறது.

இவர்கள் ஒருமுறை நெய்வேலி சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் இளகிய மண்ணைச் சுலபமாக வாரியெடுத்த பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்தான் இங்கும் வந்தது. ஆனால் இங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்பாறை. உப்புத்தாள் மாதிரி தேய்த்து வாளியின் பற்களைத் தின்றுவிடும். "ஜெர்மனியில் வெடி வைக்கவில்லையே" என்று அடம்பிடித்தால் ஆகுமா? துளை போட்டு, வெடி வைத்து, பாறையைத் தளர்த்திய பிறகே இங்கு சக்கரம் சுழல்கிறது. நிலக்கரிக்கு அடியிலோ அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர். இறைக்காவிட்டால் சுரங்கத்துக்கு ஆபத்து. இறைத்தால் மின்செலவு, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு நிலத்தடி நீர்க் கவலை. ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொடுத்தே ஆகவேண்டும்.

மென்பொருளும் அப்படித்தான். எரிக் காமா உள்ளிட்ட நால்வர் 1994ல் எழுதிய புத்தகத்தில் 23 பேட்டர்ன்கள். ஒவ்வொன்றுக்கும் 'விளைவுகள்' என்றே ஒரு பகுதி உண்டு. லாபமும் நஷ்டமும் அதில் இருக்கும். பக்தர்கள் தாண்டிப் போவது அந்தப் பகுதியைத்தான்! அந்த 23ல் 16 பேட்டர்ன்கள் லிஸ்ப், டைலன் மாதிரியான மொழிகளில் எளிதாகிவிடுகின்றன அல்லது தேவையே இல்லாமல் போகின்றன என்று பீட்டர் நார்விக் 1996லேயே காட்டினார். சிங்கிள்டனை நீக்கிவிடலாம் என்று 2009ல் காமாவே சொல்லிவிட்டார். எழுதியவர் மனம் மாறிவிட்டார், படித்தவர்கள்தான் இன்னும் மாறவில்லை.

அதற்காக "பேட்டர்னே வேண்டாம்" என்பதும் அதே வியாதிதான். ஒரு மாற்றத்தைப் பத்து இடங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமென்றால் அப்சர்வர் கைகொடுக்கும். ஆனால் பிழை வந்தால் எது எதைக் கூப்பிட்டது என்று தேடித் தேடிக் கண் பூத்துவிடும். அந்த விலை கட்டுப்படியாகுமா என்பதே கேள்வி.

வைவாவில் கேட்க வேண்டியதும் அதுதான். "எந்த பேட்டர்ன்?" என்பதை விட்டுவிட்டு, "இதற்கு என்ன விலை கொடுத்தாய்? ஏன்?" என்று கேட்கட்டும். மனப்பாடம் செய்தவன் அங்கே விழிப்பான், யோசித்து எழுதியவன் பேசுவான்.