ஒளியெழுத்தும் அரிப்புக் கரையும்

அருவியாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்துள்ள அரிப்புக்குப் புகைப்படக் கருவியுடன் செல்வோர் முதலில் நாடுவது டொரிக் மாளிகையின் இடிபாட்டையே. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கெனக் கட்டிய வாசஸ்தலம் அது. பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. எஞ்சிய சுவர்கள் மாலைச் சூரியனைப் பின்னணியாகக் கொண்டு படங்களில் நிற்கின்றன. இப்படங்களைக் கலையென்று போற்றுவோரே, நகரத் தெருக்களில் இரவில் ஒளிரும் நியோன் பெயர்ப்பலகைகளைப் படமெடுக்கும் இளைஞரைக் கண்டு நகைக்கின்றனர். கடைக்காரனின் விளம்பரத்தில் கலையும் வரலாறும் எங்கிருந்து வந்தன என்பது அவர்தம் வினா.

டொரிக் மாளிகை மட்டும் வேறெதற்காக எழுந்தது? அதுவும் வணிகத்தின் வீடே. வணிகஞ் செய்தவன் தேசாதிபதி என்பதும், அவனது கடை கடலின் அடியில் இருந்தது என்பதுமே வேறுபாடு. இருநூறு ஆண்டுப் பழமை ஏறியதும் அது சின்னமாகிவிட்டது. இன்றைய கடைத்தெருவுக்கு அந்தப் பழமை இன்னும் வாய்க்கவில்லை என்பதைத் தவிர, நகைப்போரிடம் வேறு நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

முத்துக்குளிப்புக் காலத்தில் இக்கரையோரத்தில் ஓலைக் குடில்களாலான ஒரு நகரமே திடீரென எழும். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி எனச் சலாபத்துக்கேற்ப அந்நகரம் இடம்மாறும். தென்னிந்தியக் கரையிலிருந்தும் அராபிய நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வருவர். வணிகரும் தரகரும் துளையிடுவோரும் சோற்றுக்கடைக்காரரும் வந்து குவிவர். படகுகள் நள்ளிரவை ஒட்டித் தரைக்காற்றில் புறப்பட்டு, மறுநாட் பகலில் கடற்காற்றில் கரைமீளும். ஆகவே இந்நகரத்தின் தொழில்நாள் இரவிலேயே தொடங்கியது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு சலாபங்கள் ஒரு கம்பெனிக்குக் குத்தகையாக விடப்பட்டன; சில ஆண்டுகளில் சிப்பி பொய்த்தது; கம்பெனி கலைந்தது; நகரமும் பழையபடி மீண்டும் எழவில்லை.

அந்நகரத்தைப் பற்றி எஞ்சியவை எவை? அரசிறைக் கணக்குகள் எஞ்சின. ஹேர்ட்மன் என்ற விலங்கியற் பேராசிரியர் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட அறிக்கை எஞ்சியது. சிப்பியின் உடலும் அதனுட் குடிகொள்ளும் ஒட்டுண்ணியும் அதில் நுணுக்கமாக வரையப்பட்டுள்ளன. ஆனால் நள்ளிரவில் படகேறச் சென்றவன் எந்தக் கடைவிளக்கின் ஒளியில் நடந்தான், அக்கடையை நடத்தியவர் யார், அதன் முகப்பில் எம்மொழியில் என்ன எழுதியிருந்தது என்பனவற்றை எவரும் குறித்து வைக்கத் தகுந்தனவாகக் கருதவில்லை. புழுவுக்குக் கிடைத்த மதிப்புக் கடைக்காரனுக்குக் கிடைக்கவில்லை. டொரிக் மாளிகையையே ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று வழங்குகின்றனர். எழுத்தில்லாத இடத்தைக் கதை நிரப்பிக்கொள்கிறது.

அக்காலத்து மந்தமான கண்ணாடித் தகடுகளுக்கு எண்ணெய் விளக்கின் ஒளி போதாது என்று சமாதானங் கூறலாம். சட்டைப்பையிலேயே கருவியைச் சுமக்கும் இன்றைய மாணவருக்கு அந்தச் சமாதானம் இல்லை.

பெயர்ப்பலகை அற்பமான பொருள் என்போர் இந்நாட்டு வரலாற்றை மறந்தவராவர். 1958ஆம் ஆண்டில் வடக்கில் வாகன இலக்கத் தகடுகளின் சிங்கள ‘ஸ்ரீ’ தாரால் மெழுகப்பட்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மெழுகப்பட்டன. அற்பமானதை அழிப்பதற்கு எவரும் தார் வாளியுடன் புறப்படுவதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பகுதியின் முஸ்லிம் ஊர்களும் வெறிச்சோடின. 2007 செப்டெம்பரில் சிலாவத்துறையில் நடந்த இராணுவ நடவடிக்கையின்போது இக்கரையின் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆண்டுகள் கழிந்து திரும்பி வந்தவர், காடு மூடிய நிலத்தில் நின்று ‘எமது கடை இவ்விடத்தில் இருந்தது’ என்று கூறும்போது, உறுதிப்பத்திரம் தொலைந்தவனுக்குத் துணைநிற்கக்கூடியது எது? அந்தியிலே விளக்கேற்றிய கடைமுகப்பை, பெயரும் பக்கத்துக் கடையும் தெரியும்படி யாரோ எடுத்துவைத்த ஒரு படம் துணைநிற்கும். அவ்வாறான படங்களை எடுப்பதற்கு அன்று யாருக்கும் தோன்றவில்லை என்றால், டொரிக் மாளிகையே போதும் என்ற மனப்பான்மைக்கும் அதில் ஒரு பங்குண்டு.

தமிழ் பயிலும் மாணவருக்கு இன்னோர் உதாரணமுங் காட்டலாம். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹே 1409ஆம் ஆண்டு பொறித்த மும்மொழிக் கல், தமிழும் ஒரு மொழியாக இடம்பெற்றது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகின் மூடியாகக் கிடந்தது. இன்று அது கொழும்பு நூதனசாலையிற் பேணப்படுகின்றது. கல்வெட்டுங்கூட அதன் காலத்தில் ஊரறியச் செய்த விளம்பரமே. கல்லென்பதால் மதகின் மேலும் பிழைத்துக் கிடந்தது. கண்ணாடிக் குழாய் அவ்வாறு பிழைக்காது.

நியோன் வாயு 1898இல் இலண்டனில் ராம்சேயாலும் டிராவர்சாலும் கண்டறியப்பட்டது. 1910இல் ஜோர்ஜ் குளோட் அதனைப் பாரிஸிற் குழாய்விளக்காகக் காட்சிக்கு வைத்தார். செந்நிறத்தைத் தருவதே நியோன்; நீலத்துக்கு ஆகனும் பாதரசமும் வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் தொழிலாளி சுவாலையில் இளக்கிக் கையால் வளைக்கிறான். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட குழாயைக் கறுப்புப் பூசி மறைக்கிறான். எல்.இ.டி. வந்தபின் இக்கைத்தொழில் உலகெங்கும் அருகி வருகின்றது. ஹொங்கொங்கில் பலகைகள் ஒவ்வொன்றாக இறக்கப்பட்ட காலத்தில், 2014இல் எம் பிளஸ் அருங்காட்சியகம் பொதுமக்களிடமே நியோன் படங்களைக் கேட்டுப் பெற்று இணையத்தில் தொகுத்தது. ஓர் உணவகத்தின் பசுவடிவப் பலகையையே தன் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது. அங்கே அதைச் செய்தவர் எவரும் வணிகரின் அடிவருடிகள் அல்லர்.

இவ்வாறு கூறுவதால், நியோனைப் படமெடுப்போர் அனைவரும் பாராட்டுக்குரியர் என்று கொள்ளுதல் வேண்டா. மழைநீரிற் சிவப்பும் நீலமும் கலங்கித் தெரிவதையே எடுத்துக் காட்சிக்கு வைக்கும் ஒரு கூட்டம் உண்டு. எழுத்து அவர்க்கு வெறும் நிறம். ஒளி மிகுந்த படத்திற் செந்நிறக் குழாய் வெண்பட்டையாகி எழுத்தின் உருவம் கரைந்துபோகும். தமிழில் முதலில் மறைவது புள்ளி. ‘அரிப்பு’ என்பதன் மெய்யெழுத்துப் புள்ளியிழந்து நிற்கும் படம் எத்துணை அழகாயினும் பிழையான ஏடு. வாசிக்கத்தக்க படமே சான்றாகும். அதற்கு அந்தி முற்றாக இருளும் முன்னரே எடுத்தல் வேண்டும். அப்போது ஒளியெழுத்தும் கட்டடமும் ஒருங்கே பதியும். நம் மின்னோட்டத்திற் குழாய் நொடிக்கு நூறுமுறை மங்கி ஒளிர்வதால், மிகக் குறுகிய திறப்புநேரமும் ஏமாற்றும்.

அரிப்பு வீதியில் நியோனைத் தேடிச் செல்வோர் ஏமாறுவர். அங்குள்ள சிறுகடைக்கு ஓர் எல்.இ.டி. வரியும் தூரிகையால் எழுதிய பலகையுமே போதும். கருவி முதலில் திரும்பவேண்டியது அவற்றின் பக்கம். இரவில் ஒருபடம், பகலில் ஒருபடம், திகதியும் இடமும் எழுதிய ஒரு குறிப்பு. பலகையின் மூலையிற் சிற்றெழுத்தில் அதை எழுதியவன் தன் பெயரை இட்டிருந்தால், அந்த மூலையும் சட்டகத்துக்குள் வரவேண்டும்.