தமிழுக்கு ஏன் கேப்ஸ் லாக்?

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமில்லை. ஆயினும் உரோமன் ஒலிபெயர்ப்பு முறையில் ஆய்வேடு தட்டச்சிடும் நாம், லகரத்தினின்று ளகரத்தைப் பிரிக்க ஆங்கிலப் பெரிய எழுத்தைக் கடன் வாங்குகிறோம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இக்கடன் வேண்டா. ‘மேற்கோளுக்கு மேற்கோள் மொழி மாற்றுவது தொல்லை’ என்பதே இங்குக் கராச்சர்மாவிலும் நண்பர்கள் சொல்லும் சாக்கு.

அதற்கும் தீர்வுண்டு. லினக்ஸில் ‘கீடி’ என்னும் பின்னணிச் சேவை, விசையழுத்தம் செயலிகளை எட்டுமுன் இடைமறித்து மாற்றித் தரும். அதன் அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்து மறுஏற்றம் செய்தால், தமிழுக்குப் பயன்படாத கேப்ஸ் லாக்கே மொழிமாற்று விசையாகும். இதைக் கணினி ஆர்வலரின் விளையாட்டென ஒதுக்குவது வெறும் சோம்பல்.

தொல்காப்பிய எழுத்ததிகாரம் கற்பிக்கும் துறைகள், அவ்வெழுத்துகளைத் தட்டச்சிடும் முறையையும் முதலாண்டிலேயே கற்பிக்கட்டும்.